குடுமி தணிகாசலம் ஆஜரா?

"குடுமி தணிகாசலம்!"

ரிஜிஸ்டரைப் பார்த்தபடியே மறுபடி கூப்பிட்டேன்.

"குடுமி தணிகாசலம் வந்திருக்கானா, இல்லையா?"

முன்வரிசையில் ஒரு மொட்டைத் தலை எழுந்து நின்றது. 'எழுந்து நின்றான்' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவன் யார் என்று எனக்கே தெரியாதபோது எப்படி எழுதுவது? உச்சியிலிருந்து காது மடல் வரைக்கும் சந்தனம். அது வியர்வையில் கரைந்து, மூக்கு நுனி வரைக்கும் வழிந்து காய்ந்திருந்தது.

"அவன் இல்ல டீச்சர்" என்றது மொட்டை.

"அப்போ நீ யாரு?"

"தணிகாசலம்."

"எந்தத் தணிகாசலம்?"

"மொட்டை தணிகாசலம்."

"போன வாரம் வரைக்கும் குடுமி வச்சிருந்தது நீதானேடா?"

"ஆங், அது அப்போ. இப்போ குடுமி மலை மேல கீது. நான் இங்க கீறேன்."

நான் நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தேன். சுவரிலிருந்து சுவர் வரைக்கும் மொட்டை. எல்லாத் தலையிலும் சந்தனம், எல்லா முகத்திலும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ரிஜிஸ்டரால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். டீச்சரே சிரித்தால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? பெஞ்சு, பாய், மணல் தட்டு எல்லாம் அதிர அவர்களும் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். என் வேலை போவதற்கு எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது, எனக்குத்தான் அது தெரியவில்லை.

ரிஜிஸ்டரும் பீரோவும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் அரக்கோணம் ரயில்வே குடியிருப்புப் பெண். அண்ணன் லோகோ ஷெட்டில் வேலை. எட்டாவது பாஸ் பண்ணிவிட்டு, அண்ணியின் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு, அவளுடைய பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் சபை ஐயர், அதாவது பாதிரியார், ஒரு நாள் வந்து, திருத்தணி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஓர் அசிஸ்டெண்டு தேவை என்றார்.

காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்பலாம். நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. அண்ணியும் தூங்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. காரணம் வேறு.

அசிஸ்டெண்டு என்றால் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் என்று நினைத்துக்கொண்டு போனேன். பாடம் நடத்துவது பெரிய வாத்தியார். தலைமை ஆசிரியரும் அவரே, ஒன்றாம் வகுப்பு ஆசிரியரும் அவரே. என் பொறுப்பு இரண்டே இரண்டு. ஆஜர் போடுகிற ரிஜிஸ்டர் ஒன்று, மூலையில் நின்ற பச்சை பீரோ இன்னொன்று.

அந்த பீரோவுக்குள்தான் வகுப்பின் சொத்து எல்லாம் இருந்தது. சுண்ணாம்புக்கட்டி டப்பா, சிலேட்டுகள், பலப்பம், எண்ணிக்கை படிக்கப் புளியங்கொட்டைப் பை, மணிச் சட்டம், வட துருவத்தில் பள்ளம் விழுந்த ஒரு பூகோள உருண்டை. யுத்த காலத்தில் கடிதாசும் கிடையாது, சுண்ணாம்புக்கட்டியும் சுலபத்தில் கிடையாது. சுண்டு விரல் நகத்தளவு தேய்ந்த கட்டியைக்கூட நான் தகர டப்பாவில் சேர்த்து வைப்பேன். ரிஜிஸ்டரில் பக்கம் தீர்ந்தால் பழைய ரிஜிஸ்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொள்வேன்.

எனக்கு முன்னால் ஐந்தாம் வகுப்புச் சட்டாம்பிள்ளைகள் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் வாங்கிய சுண்ணாம்புக்கட்டியில் பாதி, ஊர்ச் சுவர்களில் கில்லி ஆட்டக் கணக்காக எழுதப்பட்டிருந்தது. சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில் நானே படித்திருக்கிறேன்.

பீரோ சாவி என் முந்தானையில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் சாவியோடு அரக்கோணத்துக்கே போய்விட்டேன். மறுநாள் பாசஞ்சர் வழியில் எங்கோ நின்றுவிட்டது. நான் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது, பெரிய வாத்தியார் ஈரத் துணியால் கரும்பலகையில் 'அ' எழுதிக்கொண்டிருந்தார். அது காய்வதற்குள் பிள்ளைகள் படித்துவிட வேண்டும். அன்றைக்குப் பார்த்த வேகத்தில் அவர்கள் என்றைக்கும் படித்ததில்லை.

சிலேட்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் வழியிலேயே உடையும். அதனால் காலையில் கொடுத்து சாயங்காலம் வாங்கி அடுக்கிவிடுவேன். எல்லாம் பள்ளிக்கூடத்துச் சிலேட்டுதான். ஆனால் ஒவ்வொரு பையனும் ஒன்றைத் தன்னுடையதாக வரித்துக்கொண்டிருந்தான். மரச்சட்டத்தில் தகரம் கட்டியது ஒருவனுக்கு, மூலை சிதைந்தது ஒருவனுக்கு. மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், தெருவே கூடுகிற மாதிரி ஓர் அழுகை வரும். "சிலேட்டு!" என்று நான் குரல் கொடுத்தால் போதும், எப்பேர்ப்பட்ட ரகளையும் நின்று வரிசை கட்டிவிடும்.

எனக்கு இந்த வேலை பிடித்துப் போயிற்று. பிடித்தது என்றால் சாதாரணமாக அல்ல, ரயில் திருத்தணியை நெருங்கும்போதே எழுந்து வாசலில் நிற்கிற அளவுக்குப் பிடித்தது.

ஆனால் வேலை நிச்சயம் இல்லை. பெரிய வாத்தியார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற டெபுடி இன்ஸ்பெக்டர் வருவாரு. இந்த வகுப்புக்கு அசிஸ்டெண்டு தேவைதான்னு அவர் சொல்லிட்டா நீ இருப்ப. தேவையில்லன்னு சொல்லிட்டா..."

மேற்கொண்டு சொல்லாமல் மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். எனக்கு வெங்காய வாசனை வந்தது.

ஊரெல்லாம் ஒரே பேர்

மலை மேல் சாமி இருக்கிற ஊரில் பிள்ளைக்குப் பேர் வைக்க யாரும் தலையைப் பிய்த்துக்கொள்வதில்லை. தணிகாசலம், சுப்பிரமணி, ஆறுமுகம், வேலு. இதில் தணிகாசலத்துக்குத்தான் ஏக கிராக்கி. என் வகுப்பில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதி வகுப்பு எழுந்திருக்கும். அப்பன் பேரின் முதல் எழுத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால், அப்பன்மார்கள் எல்லாரும் சுப்பிரமணி.

ஆஜர் போடுவதற்குள் முதல் மணி முடிந்துவிடும். பெரிய வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார், சில நாள் அப்படியே தூங்கியும் விடுவார்.

எனக்கு ஒரு யோசனை உதித்தது. தலையைப் பார்த்தேன். ஒருவனுக்குக் குடுமி, ஒருவனுக்குச் சுருட்டை, ஒருவனுக்குச் செம்பட்டை, ஒருவனுக்கு எண்ணெயே காணாத பரட்டை. ரிஜிஸ்டரில் ஒவ்வொரு தணிகாசலத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் எழுதிவிட்டேன். அப்புறம் ஒரு பேரைக் கூப்பிட்டால் ஒருவன்தான் எழுந்திருப்பான். எழுந்த தலையைப் பார்த்தால் ஆஜர் முடிந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அரக்கோணத்தில் அண்ணனிடம் சொல்லி அவனையும் மெச்ச வைத்தேன்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வரும், கூட்டம் வரும், ரயிலில் இடம் கிடைக்காது என்பது வரைக்கும் தெரியும். அந்தக் கூட்டம் மலை மேல் போய் முதல் காரியமாக எதைக் கொடுத்துவிட்டு வரும் என்று நான் யோசிக்கவில்லை.

பெரிய வாத்தியாரும் சபைக்காரர்தான். ஆனால் பிறந்து வளர்ந்தது திருத்தணி. அவருக்குத் தெரியும். ஏன் ஐயா சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன்.

"நீ நல்லா அக்கறையா எழுதிகினு இருந்தம்மா. எதுக்குக் கெடுப்பானேன்னு உட்டுட்டேன்" என்றார்.

தலை அதிகம், பேர் குறைவு

நான் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுருட்டை தணிகாசலம்" என்று இரண்டாவது பேரைத் தொடங்கிய நேரத்தில் வாசலில் நிழல் தட்டியது. கறுப்புக் கோட்டு, ஜரிகை அங்கவஸ்திரம், தலைப்பாகை. டெபுடி இன்ஸ்பெக்டர்.

சித்தூர்ப் பக்கத்து மனிதர், தமிழைத் தெலுங்கு ராகத்தில் பேசுவார். மாதத்தில் முக்கால்வாசி நாள் ஊர் ஊராக முகாம். வகுப்பைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"ஹெட்மாஸ்டர் காரு, ஒண்ணாங் கிளாசுக்கு ரெண்டு பேர் எதுக்கு?"

பெரிய வாத்தியார் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து, பொடி எடுக்காமலேயே மூடினார்.

ரிஜிஸ்டர் கேட்டார். கொடுத்தேன். அதில் அன்றைய கட்டம் எல்லாம் காலி. பக்கத்தில் 'குடுமி', 'பரட்டை' என்று என் பென்சில் எழுத்து. அவர் அதைப் படித்தார், நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"இதுல குடுமி யாரு?"

"குடுமி மலை மேல கீது சார்!" என்று வகுப்பே சொன்னது.

அவர் சிரிக்கவில்லை. பென்சிலை நீட்டித் தலைகளை எண்ண ஆரம்பித்தார். முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். அவர் முகத்தில் ஒரு கலவரம் தெரிந்தது.

"என்னம்மா இது? எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்தாச்சு. எல்லா இடத்திலும் பேர் இருக்கும், தலை இருக்காது. இங்கே தலை இருக்கு, பேர் இல்லையே!"

நானும் அப்போதுதான் கவனித்தேன். திருவிழாவுக்கு ஆர்.கே.பேட்டையிலிருந்தும் திருவாலங்காட்டிலிருந்தும் வந்த சொந்தக்காரப் பிள்ளைகள், இங்கத்துப் பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டிருந்தார்கள். வேண்டுதலுக்கு வந்தவர்கள் ஆகையால் அவர்களும் மொட்டை. அவர்களிலும் பாதிப் பேர் தணிகாசலம்.

டெபுடி ரிஜிஸ்டரை மூடினார். இந்த மனிதர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் நான் நாளையிலிருந்து ரயில் ஏற வேண்டாம். அவர் வாயைத் திறந்தார்.

அதற்குள் அவருடைய டவாலிச் சேவகன் ஓடி வந்தான்.

"ஐயா, சின்ன ஐயாவைக் காணோம்!"

ஒரேய், இட்ரா!

விஷயம் இதுதான். டெபுடி வந்தது குடும்பத்தோடு, வேண்டுதலுக்கு. பல வருஷம் பிள்ளையில்லாமல் இந்த மலைச் சாமியை வேண்டிப் பெற்ற ஒரே மகன். ஐந்து வயசு வரைக்கும் முடியே இறக்காமல், பெண் குழந்தை மாதிரி சடை பின்னிப் பூ வைத்து வளர்த்திருக்கிறார்கள். அன்று விடியற்காலையில்தான் மலை மேல் முடி இறக்கியிருக்கிறது. அம்மா சத்திரத்தில் இருக்க, பையன் அப்பாவோடு வருவேன் என்று அடம் பிடிக்க, அவர் அவனை ஜட்கா வண்டியில் டவாலியோடு உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார். டவாலி கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டான்.

வெளியே திருவிழாக் கூட்டம் இன்னும் கலையவில்லை. மாட்டு வண்டிகள், காவடிகள். பின்பக்கத்தில் பள்ளிக்கூடத்துக் கிணறு. டெபுடியின் முகம் வெளுத்துப் போயிற்று. அதுவரைக்கும் அவரைக் கண்டு பயந்த எனக்கு, அவருக்காகப் பயம் வந்துவிட்டது.

"கடைசியா இந்தப் பக்கம் வந்தாரு ஐயா" என்று டவாலி வகுப்பைக் காட்டினான்.

எல்லாரும் திரும்பினோம். எங்கு பார்த்தாலும் மொட்டை.

"தணிகாசலம்!" என்று டெபுடி கத்தினார். அவர் மகனுக்கும் வேறென்ன பேர் இருக்கும்?

"ஆஜர் டீச்சர்!" பாதி வகுப்பு எழுந்து நின்றது.

"ஒரேய், இட்ரா!" என்றார் தெலுங்கில். இங்கே வா என்று அர்த்தம். திருத்தணியில் எந்தப் பிள்ளைக்குத் தெலுங்கு தெரியாது? பெரிய மனிதர் கூப்பிடுகிறாரே என்று முழு வகுப்பும் பாய்ந்து வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. கோட்டைப் பிடித்து இழுத்தவன் எத்தனை பேர், அங்கவஸ்திரத்தில் சந்தனம் தேய்த்தவன் எத்தனை பேர்! தலைப்பாகை சரிந்து தோளில் விழுந்தது. அதற்குள்ளேயும் ஒரு மொட்டை, அதிலும் சந்தனம்.

"ஐய, சாரும் மொட்டை!" என்று ஒருவன் கூவ, கூரை பறக்கிற மாதிரி ஒரு கூச்சல்.

பெற்ற பிள்ளையின் முகம் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் ஒவ்வொரு முகவாயாகப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். சடையோடும் பூவோடும் பார்த்துப் பழகிய முகத்தை, மாதத்தில் ஏழெட்டு நாள் மட்டும் பார்த்த முகத்தை, மொட்டையும் சந்தனமுமாகத் துள்ளிக்கொண்டிருக்கிற கூட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கண்கள் தவித்த தவிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

சின்னதுகள் நசுங்கிவிடுமோ என்று எனக்கு அச்சம். கூட்டத்தைக் கலைக்க எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. பீரோவைத் திறந்தேன்.

"சிலேட்டு!"

அவ்வளவுதான். டெபுடியை விட்டுவிட்டு எல்லாரும் வரிசை கட்டினார்கள். அவனவன் தன்னுடையதை அடையாளம் பார்த்து இழுத்துக்கொண்டு போய் இடத்தில் உட்கார்ந்தான். கடைசியில் பீரோ முன்னால் கையில் ஒன்றும் இல்லாமல் கொஞ்சம் பேர் திருதிருவென்று நின்றார்கள்.

எனக்குப் பொறி தட்டியது. "இவங்கதான் சார் விருந்தாளிங்க!" என்று கத்தியே விட்டேன்.

டெபுடி பாய்ந்து வந்தார். அங்கவஸ்திரத்தால் ஒவ்வொருவன் முகத்தையும் துடைத்தார். முதல் பையன் இல்லை. அடுத்தவனும் இல்லை. கடைசிப் பையனையும் துடைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவி" என்று ஏதோ தெலுங்கில் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். டவாலி கிணற்றுப் பக்கம் ஓடினான்.

அப்போது வகுப்பின் நடுவிலிருந்து ஓர் அலறல்.

"டீச்சர், என் சிலேட்டு! தகரம் கட்ன சிலேட்டு! எவனோ எத்துகினு பூட்டான்!"

குடுமிதான். அதாவது, பழைய குடுமி. அவன் கையில் வேறு எவனுடையதோ ஒரு பாதிச் சிலேட்டு.

"யாருடா எடுத்தது?"

"தோ, மேஜை அடில குந்திகினு கீறானே, அவன்!"

பெரிய வாத்தியாரின் மேஜைக்கு அடியில், மேஜைத் துணிக்குப் பின்னால், இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தது ஒரு மொட்டை. மடியில் தகரச் சிலேட்டு. நாக்கைத் துருத்திக்கொண்டு ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தது. வகுப்பிலேயே அவ்வளவு கவனமாகப் படித்தவன் அன்றைக்கு அவன் ஒருவன்தான்.

டெபுடி முழங்காலால் தவழ்ந்து போய் மேஜைக்கடியில் தலையை நுழைத்தார். முகத்தைத் துடைத்துப் பார்த்தார்.

"நைனா, நேனு ரானு" என்றான் பையன். அப்பா, நான் வர மாட்டேன்.

மேஜைக்கு அடியில் அப்பனும் பிள்ளையும். இரண்டு மொட்டையும் சிறிது நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது டெபுடியின் கண் சிவந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"இவன் சடையைத்தான் பார்த்து வச்சிருந்தேன் போலிருக்கு. முகத்தைப் பார்க்கவேயில்லை" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பெரிய வாத்தியார் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

டெபுடியின் முடிவு

பையன் சிலேட்டைக் கொடுக்க மறுத்தான். பழைய குடுமி விடுவதாக இல்லை. இரண்டு தணிகாசலங்களும் ஆளுக்கொரு சட்டத்தைப் பிடித்து இழுத்தார்கள். நான் பீரோவின் அடித்தட்டில் சேர்த்து வைத்திருந்த உடைசல்களில் ஒரு நல்ல துண்டையும், அதற்கு லஞ்சமாக ஒரு முழுப் பலப்பத்தையும் கொடுத்துச் சமாதானம் பண்ணினேன். யுத்த காலத்து முழுப் பலப்பம்! டெபுடி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தலைப்பாகையைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு, அதிகாரக் குரலுக்குத் திரும்பினார்.

"அம்மா, ஆள் அடையாளத்துக்கு முடியை வைக்கிறது தப்பு. அதிலும் இந்த ஊர்ல! தெருப் பேரைப் போடு. தெருவை யாரும் மலை மேல போய் இறக்க மாட்டாங்க."

"சரிங்க."

"ஹெட்மாஸ்டர் காரு, ஒண்ணாங் கிளாசுக்கு ரெண்டு பேர் எதுக்குன்னு கேட்டேன் இல்லையா?"

"ஆங், கேட்டீங்க" என்றார் பெரிய வாத்தியார்.

"ரெண்டு பேர் பத்தாதய்யா. மூணு பேர் கேட்டா சர்க்கார்ல குடுக்க மாட்டாங்க. இருக்கிற அசிஸ்டெண்டை விட்டுடாதீங்க. அப்படித்தான் எழுதப் போறேன்."

அவர் ஜட்காவில் ஏறிப் போகிற வரைக்கும் நான் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனதும், இருந்த பிள்ளைகள், விருந்தாளிப் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்து ஒரு தட்டாமாலை சுற்றினேன். எனக்குப் பத்தொன்பது வயசு. டீச்சர் இப்படிச் சுற்றலாமா என்று பெரிய வாத்தியார் கேட்கவில்லை. அவர் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மாலை பாசஞ்சரில் உட்காரவே முடியவில்லை. அரக்கோணம் வந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய், அடுப்படியிலேயே அண்ணியைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். மொட்டை, சிலேட்டு, மேஜைத் துணி, டெபுடி. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"அப்போ வேலை நிலைச்சுடுச்சா?" என்று கேட்டாள்.

"நிலைச்சுடுச்சு அண்ணி! இனிமே தினமும் போவணும்!"

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை, எதிரே முறத்தில் உரிக்காத வெங்காயம். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ரொம்ப சந்தோஷம்டி. உங்க டெபுடி இந்தப் பக்கம் வந்தார்னா, ஒரு நடை நம்ம வீட்டையும் வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லு. இங்கயும் ஒரு அசிஸ்டெண்டு தேவைதான்னு அவர் எழுதிக் குடுக்கட்டும்."